கூட வந்தவங்க கொஞ்சம் வெளியே இருங்க

திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியில் இருக்கிறது என் அறை. வெளியே சின்ன வராந்தா, அதில் ஆறு நாற்காலிகள். ஒருவருக்கு நேரம் கொடுத்தால் மூன்று பேர் வருவார்கள் என்பது தெரிந்த பிறகு வாங்கிப் போட்டவை. சொந்தமாகக் கடை நடத்தும் நாற்பது வயது ஆள் அம்மாவோடு வருவார். கல்லூரியில் பாடம் நடத்தும் பெண் கணவரோடும் மாமியாரோடும் வருவார். மூவரில் சிகிச்சைக்கு வந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். யார் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான்.

நான் மருத்துவ உளவியலாளர். மனநல மருத்துவர் என்று நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். நான் உளவியல் படித்து, எம்.ஃபில். படிப்பில் இரண்டு ஆண்டு மருத்துவமனையில் நோயாளிகளோடு பயிற்சி எடுத்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவள். என்னிடம் இருக்கும் சரக்கு பேச்சு, ஐம்பது நிமிட நேரம், வீட்டில் செய்துவரச் சொல்லும் பாடம். அவ்வளவுதான். இதைக் கேட்டதும் கூட வந்தவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். ஊசியாவது போடுவீர்களா என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்.

"நாலு வார்த்தை நல்லபடியா புத்தி சொல்லி அனுப்புங்க மேடம்." இதுவும் கூட வந்தவர் சொல்வதுதான். புத்தி சொல்ல அவர்கள் வீட்டிலேயே ஆள் நிறைய உண்டு. அண்ணன் சொல்லியிருப்பார், பெரியப்பா சொல்லியிருப்பார், வேலை பார்க்கும் இடத்தில் மேலாளர் சொல்லியிருப்பார், வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் சூரியன் படத்தோடு யாராவது அனுப்பியிருப்பார்கள். அதெல்லாம் பலிக்காமல்தான் மாடி ஏறி வந்திருக்கிறார்கள். நானும் அதையே சொல்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

முதல் பத்து நிமிடம் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்பேன். பிறகு, "கூட வந்தவங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்பேன். என் தொழிலில் நான் சொல்லும் மிகச் சங்கடமான வாக்கியம் அதுதான். "நான் அவனைப் பெத்தவ, எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்று கோபப்பட்ட அம்மாக்கள் உண்டு. "இவ சரியா சொல்ல மாட்டா மேடம், விட்டுப்போயிடும்" என்று தயங்கிய கணவர்கள் உண்டு. கதவு வரை போய்த் திரும்பி வந்து, கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன் என்பவர்கள் ஏராளம்.

உள்ளே இரண்டு நாற்காலிகளும் நேருக்கு நேர் இருக்காது, கொஞ்சம் சாய்த்துப் போட்டிருக்கிறேன். கண்ணைப் பார்த்தே பேச வேண்டும் என்றால் பலருக்குப் பேச்சு வராது. சன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். கடிகாரம் அவர்கள் தலைக்குப் பின்னால், என் கண்ணில் படும்படி. வராந்தாவில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்க. யாராவது சத்தத்தைக் குறைத்தால் திரும்ப ஏற்றிவிடும்படி உதவியாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சில மாமியார்கள் குறைப்பார்கள்.

இங்கே நான் எழுதும் மனிதர்கள் யாரும் ஒரே ஆள் இல்லை. பலருடைய கதைகளைக் கலந்து, ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை கிடையாது.

மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அவருடைய அண்ணன் அழைத்து வந்தார். கணவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கை கால் எரிச்சல், தலை பாரம், தூக்கமில்லை. எல்லாப் பரிசோதனையும் பார்த்தாயிற்று, ரத்தச்சோகையைத் தவிர வேறொன்றும் இல்லை. நம் ஊரில் துயரம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் மருத்துவமனைக்கு வருகிறது. மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவரைவிட, நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்று வருபவர்தான் அதிகம். அவர்கள் நடிப்பதில்லை. எரிச்சல் உண்மையாகவே இருக்கிறது.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணன் பதில் சொன்னார். தூக்கம் எப்படி? "விடிய விடிய முழிச்சிருக்கு மேடம்." பசி? "அதெல்லாம் எங்க சாப்பிடுது. ரெண்டு புள்ளைங்க இருக்கு, அதுங்களுக்காகவாவது தேறி வரணும்ல. எத்தன தடவ சொல்றது?" நல்ல மனிதர். தங்கையின் வீட்டு வாடகையை அவர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியதும் அந்தப் பெண் சொன்ன முதல் வாக்கியம்: "எங்கண்ணன் ரொம்ப நல்லவரு மேடம்." அதன்பின் வெகுநேரம் பேச்சு இல்லை. பேச்சு இல்லாத நேரத்தை நிரப்பாமல் விட்டுவைப்பதும் என் வேலையில் சேர்த்தி. பயிற்சிக் காலத்தில் எனக்கு மிகவும் தாமதமாகப் பிடிபட்ட பாடம் அது. சும்மா இருப்பதற்குத் தமிழர்களான நமக்குப் பழக்கம் போதாது. யாராவது கண் கலங்கினால் உடனே தண்ணீர் டம்ளரை நீட்டுவோம்.

மூன்றாவது அமர்வில்தான் விஷயம் வந்தது. பதினாறாம் நாள் காரியத்தன்று ஃபைனான்ஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். கணவர் வாங்கிய கடன், அடகு வைத்த நகை எல்லாம் அன்றுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பீரோவில் இருப்பதாக நினைத்த தாலிக்கொடியும் இல்லை. அன்றிலிருந்து வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். ஆனால் வருகிற சொந்தமெல்லாம் "எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்று அழும்போது எந்த வாயால் திட்டுவது? "செத்தவங்களத் திட்டலாமா மேடம்?" என்று என்னிடம் கேட்டார். திட்டலாம், திட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. அறையில் இருந்த காலி நாற்காலியைக் காட்டி, அவர் இப்போது அதில் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்பீர்கள் என்றேன். ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் என்பவரின் கெஸ்டால்ட் சிகிச்சை வழியாகப் பரவிய உத்தி இது. பாடப்புத்தகத்தில் படிக்கும்போது நாடகத்தனமாகத் தெரியும். அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்தவர், நேரம் முடியும்வரை நிறுத்தவில்லை. அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதார் என்று பிறகு சொன்னார்.

இழப்பிலிருந்து மீள்வது படிப்படியாக மேலே ஏறுவது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் இருவரும் 1999-இல் வேறு மாதிரிச் சொன்னார்கள். துக்கப்படுபவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், வாழ்க்கையை மறுபடி கட்டும் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய்வருகிறார், அதுதான் இயல்பு என்றார்கள். இரண்டில் ஒன்றிலேயே மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். அண்ணன் தங்கையைக் கட்டுகிற பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். வந்துபோன சொந்தங்கள் அழுகிற பக்கமே இழுத்தார்கள். நாங்கள் சாயங்காலம் அரை மணி நேரத்தைக் கணவருக்கென்று ஒதுக்கினோம். அழலாம், திட்டலாம், போட்டோவைப் பார்க்கலாம். மற்ற நேரத்தில் கடன் கணக்கு நோட்டும் தையல் ஆர்டரும். சில வாரம் கழித்து அந்தப் பெண்ணே, "அண்ணன உள்ள கூப்பிடுங்க மேடம், கடனப் பத்திச் சொல்லணும்" என்றார். எரிச்சல் முழுதாகப் போகவில்லை. தூக்கம் வந்துவிட்டது.

கூட வருபவர் பேச்சை மட்டும் பிடுங்கிக்கொள்வதில்லை. சில நேரம் அவரே நோயின் ஓர் உறுப்பாகிவிடுவார். அதை எனக்கு விளங்கவைத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

சத்திரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு ஒரு நாள் நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. கதை முடிந்தது என்று நினைத்துவிட்டார். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் எடுத்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "அப்ப எனக்கு வந்தது என்ன?" என்றார் என்னிடம். நியாயமான கேள்வி. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கு எப்படி வைத்தியம் பார்ப்பது?

வந்தது பீதித் தாக்குதல். நாய் துரத்தினால் உடம்பு செய்கிற அத்தனை வேலையையும் நாய் இல்லாமலே செய்துவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. மூச்சு வேகமாக வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால் விரல் மரத்து, தலை சுற்றுகிறது. அந்த மரமரப்பை மாரடைப்பு என்று மனம் எடுத்துக்கொள்வதால் பயம் இன்னும் ஏறுகிறது, பயம் ஏறுவதால் மூச்சு இன்னும் வேகமெடுக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் கிளார்க் 1986-இல் வரைந்து காட்டிய வட்டம் இது. ஃபிட்டர் அல்லவா, காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியதும் பிடித்துக்கொண்டார். "ஏதாவது ஒரு எடத்துல கட் பண்ணாப் போதும்" என்றார். எனக்கு வேலை மிச்சம்.

கட் செய்ய வேண்டிய இடம் அவர் மனைவியின் தோள்பையாக இருந்தது. தண்ணீர் பாட்டில், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, தைலம், டாக்டர் எண் எழுதிய சீட்டு எல்லாம் அதில் இருக்கும். அந்த அம்மா அதை மாட்டிக்கொண்டு கழிவறை வாசல் வரை போவார். படபடப்பு வரும், பத்து இருபது நிமிடத்தில் தானாக அடங்கும். அடங்கியது பையால்தான், மனைவியால்தான் என்று இவர் நினைத்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் பிழைத்த பெருமை பைக்குப் போனது. தன் உடம்பு தானே அடங்கும் என்பதைக் கண்ணால் பார்க்க அவருக்கு வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

இதய மருத்துவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கிய பிறகு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறையிலேயே நின்ற இடத்தில் ஓடச் சொன்னேன். ஒரு நிமிடம். நெஞ்சு அடித்துக்கொண்டது. உட்கார்ந்து, அது இறங்குவதை இரண்டு பேரும் கடிகாரத்தில் பார்த்தோம். அடுத்து மாடிப்படி. அடுத்து பொன்மலைச் சந்தை. அப்புறம் பஸ். முதலில் மனைவி பின் இருக்கையில், பிறகு அடுத்த பஸ்ஸில், பிறகு வீட்டில் போனோடு, கடைசியில் போனும் இல்லாமல். இந்தப் படிகளை எழுதுவது எளிது. ஒவ்வொன்றிலும் வாரக்கணக்கில் நின்றோம். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, ஏறிய பஸ்ஸிலேயே திரும்பி வந்த நாள் உண்டு.

அவரைவிடக் கஷ்டப்பட்டவர் அந்த அம்மா. "நான் இல்லாம இருந்துடுவாங்களா?" என்று கேட்டார். கேள்வியில் கவலையோடு இன்னொன்றும் இருந்தது. இருந்துவிடுவாரோ என்ற பயம். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வேறு வேலை யாரும் கொடுத்ததில்லை. அவரோடு தனியாக உட்கார்ந்து பேசினேன், இந்த முறை கணவர் வராந்தாவில். இப்போது பெரியவர் தனியாகச் சந்தைக்குப் போகிறார், அந்த அம்மா சனிக்கிழமை தனியாக ஸ்ரீரங்கம் போகிறார். பல மாதம் கழித்து ஒருமுறை மறுபடி படபடப்பு வந்திருக்கிறது. "வந்துச்சு மேடம். நின்னேன். போயிருச்சு" என்று போனில் சொன்னார்.

அன்பும் அந்தத் தோள்பையின் வேலையைச் செய்யும். பள்ளி ஆசிரியை ஒருவர் மனச்சோர்வோடு நீண்ட விடுப்பில் இருந்தார். பி.ஹெச்.க்யூ.-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 27 மதிப்பெண்ணில் பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். அவருக்கு அதைவிட நிறைய. மனநல மருத்துவர் மாத்திரை தொடங்கியிருந்தார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். வீட்டில் கணவர் சமையல், துணி, குழந்தையைப் பள்ளிக்கு விடுவது எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, "நீ ரெஸ்ட் எடு" என்று மனைவியைப் படுக்க வைத்திருந்தார். மனச்சோர்வுக்கு ஓய்வைப் போலக் கெடுதல் செய்வது அதிகமில்லை. படுத்திருப்பவருக்குத் தன்னால் ஒன்றும் ஆகாது என்பதற்கு நாள் முழுவதும் சாட்சி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மனசு வந்தால் செய்வேன் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றைச் செய்துவிட்டு மனசு எங்கே நகர்கிறது என்று குறித்துவைப்பது ஒரு சிகிச்சை முறை. கோவாவில் சங்கத் என்ற நிறுவனம் இதை அடிப்படையாக வைத்து, உளவியல் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திப் பார்த்தது. கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்குக்கூடப் பலன் இருந்தது என்று விக்ரம் படேல் குழுவினரின் ஆய்வு 2017-இல் லான்செட்டில் வெளிவந்தது. ஆறிலிருந்து எட்டு அமர்வுகள்தான். "கோலம் போட்டா டிப்ரஷன் போயிருமா மேடம்?" என்று ஆசிரியை எரிச்சலோடு கேட்டார். போகாது என்றேன். போட்டுவிட்டு, சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை, செய்து முடித்த திருப்திக்குப் பத்துக்கு எத்தனை என்று மட்டும் எழுதிவரச் சொன்னேன். கணவருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்தேன்: காலையில் காப்பி போடாதீர்கள். பெண்தான் காப்பி போட வேண்டும் என்பது என் கட்சி இல்லை. அந்த வீட்டில் காப்பி ஆசிரியையின் ராஜ்யமாக இருந்தது, அதை யாரும் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இரண்டு நாள் வீட்டில் காப்பி இல்லை. மூன்றாம் நாள் வந்தது, சர்க்கரை இல்லாமல். நோட்டில் சந்தோஷம் 1, திருப்தி 6 என்று எழுதியிருந்தார். அங்கிருந்துதான் ஆரம்பம்.

வெளியே உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பதில்லை. ராத்திரி போன் வரும். "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க மேடம், அவங்கிட்ட நான் காட்டிக்க மாட்டேன்." பெற்ற வயிறு, கேட்கத்தான் செய்யும். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதைச் சிகிச்சை பெறுபவரின் உரிமையாக எழுதிவைத்திருக்கிறது. வயதுவந்த மகன் என்னிடம் சொன்னதை அவன் அனுமதி இல்லாமல் அம்மாவிடம் சொல்ல முடியாது. என்னிடம் வருபவர்கள் கல்யாண மண்டபத்தில் எதிரே வந்தால்கூட நான் முதலில் சிரிக்க மாட்டேன். அவர்களாகப் பேசினால் பேசுவேன். திருச்சி சின்ன ஊர், இதனால் தலைக்கனம் பிடித்தவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

ரகசியம் உடையும் இடங்களையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். முக்கியமானது உயிர். நேராகவே கேட்பேன்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கூட வந்தவர் காதில் விழுந்தால், ஏன் இல்லாததை எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று சண்டைக்கு வருவார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டவுடன் மூச்சு விடுபவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆம் என்றால், எப்படி, எப்போது, கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று அடுத்தடுத்துக் கேட்பேன். அப்போது கதவைத் திறந்து கூட வந்தவரை உள்ளே அழைக்காமல் இருக்க முடியாது. லால்குடிப் பக்கத்து விவசாய வீடுகளில் பூச்சிமருந்து கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். அன்றே அதை அப்புறப்படுத்த வேண்டும், மாத்திரைகளை இன்னொருவர் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும், தனியாக விடக் கூடாது. தற்கொலை எண்ணத்தின் உச்சம் பலருக்குச் சீக்கிரம் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொதுக் கிடங்கில், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைக்கும் முயற்சியை அவர் குழு நடத்தியதும் இந்தக் கணக்கில்தான். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

ஆகவே கூட வருபவரைப் பகையாக நினைப்பவள் இல்லை நான். முசிறி போகும் வழியில் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநிலை பாதிக்கப்பட்டவர்களை ஒரு மண்டலம், 48 நாள் தங்க வைப்பார்கள், பூஜை நேரத்தில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். என்னிடம் வருபவர்களில் சிலர் அங்கே போய்விட்டு வந்தவர்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராம் குழுவினர் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இன்னொரு கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தே இல்லாமல் ஏறக்குறைய ஆறு வாரத்தில் அவர்களுடைய நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே ஒவ்வொருவரோடும் வீட்டு ஆள் ஒருவர் தங்கியிருந்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் 1950-களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தினர் தங்குவது வழக்கம். அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் அதே காலத்தில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்க வைத்தார். மேலை நாட்டவர் வந்து பார்த்துப் போன ஏற்பாடு அது. மனச்சிதைவு போன்ற நோயில் கூட இருப்பவர் பாதி மருந்து. என் பேச்சு வேறு வகை மனிதர்களைப் பற்றியது. கடன், பிரிவு, ஓய்வு, ஒட்டாத கல்யாணம், போன வேலை என்று வாழ்க்கையே சிக்கலாகி வருகிறவர்களுக்குக் கூட வந்தவர் பெரும்பாலும் அந்தக் கதையிலேயே ஒரு பாத்திரம். அவரை வைத்துக்கொண்டு கதையைச் சொல்ல முடியாது.

2020 ஊரடங்கில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. அமர்வுகள் போனுக்கு மாறின. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது வயதுவந்த ஒருவர் எங்கே போய்ப் பேசுவார்? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிறுத்திய காருக்குள், பால் வாங்கப் போகும் வழியில் என்று பேசினார்கள். ஒரு பெண் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினார். ஐம்பது நிமிடத் தனிமைக்கு அவ்வளவு தண்ணீர் செலவானது.

பேச்சால் ஆகாதவையும் உண்டு. அடிக்கிற கணவனைச் சகித்துக்கொள்ள மனைவிக்குக் கவுன்சிலிங் கொடுங்கள் என்று அழைத்து வருவார்கள். அதற்கு என்னிடம் சிகிச்சை இல்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருப்பதைத் தனியாகச் சொல்லி அனுப்புவேன். தைராய்டு குறைந்து சோர்ந்திருப்பவரை மனச்சோர்வு என்று நினைத்து மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதும் தவறு. முதலில் ரத்தப் பரிசோதனை. சிலர் இரண்டு அமர்வோடு நின்றுவிடுகிறார்கள், காரணம் தெரிவதில்லை. எல்லாரும் தேறுகிறார்கள் என்று சொல்லும் ஆளிடம் போகாதீர்கள்.

போவதென்றால் சில விஷயங்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், சுமார் எத்தனை அமர்வு ஆகும், எதை வைத்து முன்னேற்றம் பார்ப்போம், கட்டணம் எவ்வளவு? வாரக்கடைசியில் சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டுப் பலகை மாட்டியவர்கள் நம் ஊர்களில் பெருகிவிட்டார்கள். கேள்வி கேட்டால் கோபப்படுபவர் வேண்டாம். நாலைந்து அமர்வுக்குப் பிறகும் ஒன்றும் நகரவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஆளை மாற்றுங்கள். அதில் துரோகம் ஒன்றும் இல்லை. நீங்கள் கூடப் போகிறவராக இருந்தால், திரும்பி வரும் வழியில் "உள்ள என்ன பேசுன?" என்று கேட்காதீர்கள். டீ சாப்பிடலாமா என்று கேளுங்கள்.

பணம் இல்லை என்பதற்காக நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் எண் 14416. அரசு நடத்துவது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.